வயோலாக்காரியின் வியாழக்கிழமைகள்

மெரிதா, 2018 மார்ச் 11

அன்புள்ள தம்பி எவாரிஸ்தோவுக்கு,

கடவுள் உங்களை ஆசீர்வதிக்கட்டும். நீங்கள் ஆசி கேட்பதற்கு முன்பே கொடுத்துவிடுகிறேன். கைக்குழந்தையாக உங்களைத் தூக்கிக்கொண்டு ஞானஸ்நானத் தொட்டிக்கு முன்னால் நின்றவள் நான்தானே. லிமாவில் எல்லோரும் சுகமா? மகள் யுலிமாருக்கு அழகு நிலையத்தில் வேலை நிலைத்ததா? பேத்திக்குச் சளி விட்டதா?

நான் நலம். ஃபோன் ஏன் அடிக்கவில்லை என்று கவலைப்பட்டிருப்பீர்கள். நம் தெருவின் தொலைபேசிக் கம்பியைச் செம்புக்காக அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். யுலிமார் கொடுத்த கைப்பேசியைச் சந்தையில் ஒருவன் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டான். போகட்டும், அதில் எனக்கு மணி பார்க்க மட்டும்தான் தெரியும். இனி கடிதம்தான். மூலை வீட்டுச் சேப்பா அம்மாள் மருந்து வாங்க எல்லை தாண்டி குக்குதாவுக்குப் போய்வருகிறாள். அவள் அங்கே தபாலில் சேர்ப்பாள். உங்கள் பதிலும் அவள் வழியாகவே வரும். அவசரப்பட்டால் நடக்காது.

நம் வியாழக்கிழமை நிற்கவில்லை. நீங்கள் பஸ் ஏறிப் போனதும் எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். பாதிரியார் அன்செல்மோ தானாகவே வந்து, "டீச்சர், சின்ன வயசுல நானும் செல்லோ வாசிச்சிருக்கேன்" என்றார். நீங்கள் விட்டுப்போன செல்லோவைக் கொடுத்தேன். அலமாரியை இழுத்து நகர்த்துவது மாதிரி வாசிக்கிறார், ஆனால் நேரத்துக்கு வருகிறார். முதல் வயலின் வழக்கம்போல ஃபுல்ஹென்சியோ. கண்ணாடிக் கடையை மூடிவிட்டாலும் மிடுக்கு குறையவில்லை, டை கட்டாமல் வாசிக்க மாட்டேன் என்கிறார். இரண்டாம் வயலின் மிர்த்தா. பேக்கரிக்கு மாவு கிடைத்த நாளில் கையில் ஒரு ரொட்டி இருக்கும், கிடைக்காத நாளில் புலம்பல் இருக்கும். வயலினுக்கும் செல்லோவுக்கும் நடுவில் நான், என் வயோலாவோடு. நாலு பேர் சரியாக இருக்கிறோம்.

போன வாரம் வியன்னாக் கிழவர் இருநூறு வருஷத்துக்கு முன்னால் எழுதி வைத்த நால்வர் இசையை எடுத்தோம். இரண்டாம் பகுதியில் மின்சாரம் போயிற்று. ஒருவரும் நிறுத்தவில்லை. பாதிரியாருக்கு மட்டும் மனப்பாடம் இல்லாததால் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை இழுத்தார். சிரித்துச் சிரித்து மிர்த்தாவுக்குப் புரையேறிவிட்டது. தம்பி, இந்த ஊரில் இப்போது தொடங்குகிற எதுவும் முடிவதில்லை. வரிசையில் நின்றால் எரிவாயு வராது, குழாயைத் திறந்தால் தண்ணீர் வராது. கிழவர் ஒன்றைத் தொடங்கினால் முடித்து வைக்கிறார். அதற்காகவே வியாழக்கிழமை வரை இருந்துவிடலாம் என்று தோன்றும்.

லிமாவுக்கு வரச் சொல்லி எழுத வேண்டாம். பேத்திக்கு என் முத்தம்.

உங்கள் அக்கா,
எலொயினா

*

லிமா, 2018 ஏப்ரல் 22

அன்புள்ள அக்காவுக்கு,

ஆசி வேண்டும். உங்கள் கடிதத்தை யுலிமார் சத்தமாகப் படித்தாள், பிறகு நான் தனியாக எடுத்துப் படித்தேன். உடம்பு எப்படி? முழங்கால்? பல்?

நான் நலம். இங்கே ஒரு மருந்துக்கடைக்கு முன்னால் கார் நிறுத்துமிடத்தில் வேலை. விசில் ஊதி, கையைக் காட்டி, வண்டியைப் பின்னால் எடுக்க வைக்க வேண்டும். மழை இல்லை, வெயில் இல்லை, மூடுபனி மட்டும். மலையே தெரிவதில்லை. எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறேன் என்றே சில நாள் புரிவதில்லை.

பேத்தி பள்ளிக்கூடத்தில் இந்த ஊர்ப் பேச்சைப் பிடித்துக்கொண்டுவிட்டாள். "தாத்தா, நீ சாப்பிட்டியா?" என்கிறாள். நம் மலையில் நாயைக்கூட 'வாங்க போங்க' என்று கூப்பிட்டுப் பழகியவன் நான். முதல் தடவை கேட்டபோது யாரையோ கேட்கிறாள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

வியாழக்கிழமை நாலு மணிக்கு எனக்கு ஓய்வு நேரம். அங்கே அப்போது நம் ஐந்து மணி, அதனால் அந்த நேரத்தில் துடைப்பத்தை முழங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு கட்டையில் விரல் ஓட்டுகிறேன். மருந்துக்கடைப் பெண் கேட்டாள், "ஐயா, அதுல பாட்டு வருதா?" வருகிறது என்றேன். "எனக்குக் கேக்கலையே." உனக்குக் காது சரியில்லை என்றேன்.

பாதிரியார் அலமாரி நகர்த்துவதைக் கேட்டு எனக்குப் பொறாமையாக இருந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

அக்கா, எழுபத்தாறு வயதில் நீங்கள் தனியாக அந்த வீட்டில் இருப்பது எனக்குச் சரியாகப்படவில்லை. யுலிமார் தன் அறையில் இன்னொரு கட்டில் போட இடம் பார்த்துவிட்டாள். ஆனால் உங்களை எனக்குத் தெரியும். அதனால் ஒரு ஒப்பந்தம். வியாழக்கிழமைக்கு நாலு பேரும் இருக்கிற வரைக்கும் வாங்க என்று கேட்க மாட்டேன். அது உடைந்தால் நானே ஆள் அனுப்பி உங்களைக் கூட்டிவரச் செய்வேன். சம்மதமா?

ஆசி கேட்கும் தம்பி,
எவாரிஸ்தோ

*

மெரிதா, 2018 ஜூலை 15

அன்புள்ள தம்பிக்கு,

கடவுள் ஆசீர்வதிக்கட்டும். சம்மதம். என்னை மூட்டை கட்டி அனுப்ப வேண்டிய அவசியம் வராது.

என் உடம்புக்கு என்ன? கல்லுக்குண்டு. முழங்கால் மட்டும் மழை வருவதை முன்கூட்டியே சொல்கிறது. சமைப்பது விறகில். பள்ளிக்கூடத்துப் பழைய மேசை ஒன்றை உடைத்தேன். முப்பது வருஷம் அதன்மேல் வகுத்தல் கணக்குப் போட்டிருக்கிறேன், இப்போது அது எனக்கு உருளைக்கிழங்கு சூப் வைத்துக் கொடுக்கிறது.

ஒரு மாறுதலுக்காக இந்த மாதம் மூவர் இசை வாசிக்கிறோம். ஒரு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. கிழவர் இதையும் நிறைய எழுதி வைத்திருக்கிறார், நாம் தொட்டதே இல்லை. நன்றாக இருக்கிறது. நால்வரில் நான் பின்னால் ஒளிந்துகொள்ளலாம், மூவரில் முடியாது. தப்பு பண்ணினால் எல்லோருக்கும் கேட்கும். ஃபுல்ஹென்சியோ நின்று, கண்ணாடியைக் கழற்றி, "டீச்சர், கணக்குல நீங்களே தப்பு பண்ணா நாங்க எங்க போறது?" என்றார்.

பேக்கரியை மூடிவிட்டார்கள். மாவு இல்லை. சந்தைக்குப் போகும்போது அந்தப் பக்கம் போவதில்லை, வேறு தெரு வழியாகச் சுற்றிப் போகிறேன்.

வயோலாவின் முதல் தந்தி அறுந்துவிட்டது. இங்கே கேட்டால் சிரிக்கிறார்கள். அங்கே கிடைக்குமா?

யுலிமாரின் முடி உதிர்வதற்கு வெங்காயச் சாறு தடவச் சொல்லுங்கள். நாற்றமடித்தால் அடிக்கட்டும்.

அக்கா

*

லிமா, 2018 ஆகஸ்ட் 30

அன்புள்ள அக்காவுக்கு,

ஆசி வேண்டும். கடிதத்தோடு தந்தியை வைத்திருக்கிறேன். இரண்டு வைத்திருக்கிறேன், ஒன்று அறுந்தால் இன்னொன்று. சேப்பா அம்மாளிடம் பிரிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். பிரித்தால் தந்தி சுருண்டு தெறித்து அவள் கண்ணைக் குத்தும் என்று பயமுறுத்துங்கள்.

யுலிமார் வெங்காயம் தடவினாள். வாடிக்கைக்காரி ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விட்டாளாம். உங்கள்மேல் கோபமாக இருக்கிறாள்.

நான் நலம்தான். கால் வீங்குகிறது, நிற்கிற வேலை. நம் ஊரிலிருந்து நடந்தே வந்த பையன்களை இங்கே தெருவில் பார்க்கிறேன். பேச்சைக் கேட்டதும் மெரிதா என்று தெரிந்துவிடும். ஒருவன் எங்கள் கடைக்கு எதிரே போக்குவரத்து விளக்கில் நின்ற பஸ்ஸில் ஏறி வயலின் வாசித்துக் காசு கேட்டான். நம் கிழவரைத்தான் வாசித்தான். பஸ் பாதியில் கிளம்பிவிட்டது, அவன் இறங்கி நடைபாதையில் நின்று மீதியை வாசித்து முடித்தான். கேட்க நான் ஒருவன்தான் இருந்தேன். விசில் ஊத மறந்து, பின்னால் வந்த வண்டிக்காரன் என்னைத் திட்டினான்.

அக்கா, மிர்த்தாவைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லையே? பேக்கரி மூடியதைச் சொன்னீர்கள், அவளைச் சொல்லவில்லை. அவள் சௌக்கியமா?

எவாரிஸ்தோ

*

மெரிதா, 2018 நவம்பர் 25

அன்புள்ள தம்பிக்கு,

ஆசிகள். தந்தி வந்தது. கண் யாருக்கும் போகவில்லை. கட்டியதும் வயோலா சின்னப் பிள்ளை மாதிரி கத்தியது, இப்போது பழகிவிட்டது.

மிர்த்தா சௌக்கியம். உங்களை விசாரித்தாள். பேரன் பேத்தி என்று அவளுக்கு வேலை அதிகம், அதனால் எல்லா வாரமும் வருவதில்லை. பாதிரியாருக்குக் கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் கால ஆயத்தம், சாவு வீடு, ஞானஸ்நானம் என்று தலைக்கு மேல் வேலை. அதனால் இந்த இரண்டு மாதமாக ஃபுல்ஹென்சியோவும் நானும் இருவர் இசை வாசித்துக்கொண்டிருந்தோம். வயலினும் வயோலாவும் மட்டும். உங்களுக்கு இருவர் இசை பிடிக்காது, செல்லோவுக்கு அதில் வேலை இல்லையே.

பேச்சே இல்லாமல் இரண்டு பேர் பேசிக்கொள்வது மாதிரி இருக்கும் அது. அவர் கேட்பார், நான் பதில் சொல்வேன். சில இடத்தில் நான் கேட்பேன். போன மாதம் முழுவதும் அவருக்கு இருமல். இருமல் வந்தால் வில்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தலையை ஆட்டி என்னை வாசிக்கச் சொல்வார். முடிந்ததும் நடுவில் சேர்ந்துகொள்வார்.

இன்று வேறு எழுத ஓடவில்லை. கிறிஸ்துமஸ் வருகிறது. வாழையிலையில் கட்டி அவிக்கிற அயாக்கா செய்ய இங்கே எதுவும் கிடைக்காது, நீங்கள் அங்கே செய்யுங்கள். ஆலிவ் காயை மறக்க வேண்டாம். பேத்தி துப்பினாலும் பரவாயில்லை.

அக்கா

*

லிமா, 2018 டிசம்பர் 29

அன்புள்ள அக்காவுக்கு,

ஆசி வேண்டும், புத்தாண்டு வாழ்த்துகள். அயாக்கா செய்தோம். இந்த ஊர் வாழையிலை கிழிகிறது, யுலிமார் நூலைச் சுற்றிச் சுற்றிக் கட்டியதில் பாண்டேஜ் போட்ட நோயாளி மாதிரி இருந்தது. ருசி சரியாக வந்தது. நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள்? யாரோடு சாப்பிட்டீர்கள்?

அக்கா, உங்கள் கடிதங்களை வரிசையாக வைத்துப் படித்தேன். மார்ச்சில் நால்வர். ஜூலையில் மூவர். நவம்பரில் இருவர். பள்ளிக்கூடத்தில் நான் கணக்கில் மக்கு, நீங்களே என் காதைத் திருகியிருக்கிறீர்கள். ஆனால் இந்தக் கழித்தல் எனக்குப் புரிகிறது.

ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். மிர்த்தா இருக்கிறாளா? பாதிரியார் இருக்கிறாரா? ஃபுல்ஹென்சியோவுக்கு என்ன ஆயிற்று? 'வாசித்துக்கொண்டிருந்தோம்' என்று எழுதியிருக்கிறீர்கள், வாசிக்கிறோம் என்று எழுதவில்லை. நேராகச் சொல்லுங்கள். யாரும் இல்லை என்றால் ஈஸ்டருக்குள் ஆள் அனுப்புகிறேன். யுலிமாரின் சிநேகிதி ஒருத்தி அம்மாவைக் கூட்டிவர அங்கே வருகிறாள், உங்களையும் கையோடு கூட்டிவருவாள். கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் இருட்டில் தனியாக உட்கார்ந்திருப்பதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

எவாரிஸ்தோ

*

மெரிதா, 2019 பிப்ரவரி 10

தம்பிக்கு,

என் கடிதத்தை வைத்து எனக்கே கணக்குப் பரீட்சையா? யாரையும் அனுப்ப வேண்டாம். அனுப்பினால் கதவைத் திறக்க மாட்டேன்.

நாலு பேரும் இருக்கிறோம். போன வியாழக்கிழமை, காது போன பிறகும் எழுதினாரே, அந்தச் செவிடருடைய பெரிய நால்வர் இசையை வாசித்தோம். அப்பா கரக்காஸிலிருந்து வாங்கி வந்த பச்சை அட்டைப் பிரதி, அதுவேதான். எல்லாப் பகுதியும், விடாமல். மெதுவான பகுதியைச் செல்லோ தனியாகத் தொடங்குமே, பாதிரியார் பிரதியில் கண்ணை வைத்து, ஒரு சுரம் பிசகாமல் வாசித்தார். உங்களைவிட நன்றாக இருந்தது.

போதுமா?

எலொயினா

*

லிமா, 2019 ஏப்ரல் 14

அன்புள்ள அக்காவுக்கு,

ஆசி வேண்டும். மார்ச்சில் நாடு முழுவதும் நாள்கணக்கில் இருட்டு என்று செய்தியில் பார்த்தோம். நீங்கள் உயிரோடு இருக்கிறீர்களா என்று தெரியாமல் இருந்தோம். சேப்பா அம்மாள் குக்குதாவிலிருந்து பேசியதாக அவள் மகன் யுலிமாருக்குச் செய்தி அனுப்பிய பிறகுதான் சாப்பாடு இறங்கியது. தண்ணீருக்கு என்ன செய்தீர்கள்?

உங்கள் பிப்ரவரிக் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. எழுத முடியவில்லை.

அக்கா, அந்தப் பச்சை அட்டைப் பிரதியில் நாலு புத்தகம் உண்டு, ஆளுக்கு ஒன்று. செல்லோவுக்கான புத்தகம் என்னிடம் இருக்கிறது. இங்கே வந்து பெட்டியைப் பிரித்தபோது அடியில் சட்டைகளுக்குக் கீழே கிடந்தது. அவசரத்தில் நான்தான் வைத்துவிட்டேன் போல. திட்டுவீர்களென்று உங்களுக்குச் சொல்லவில்லை. துடைப்பத்தில் வாசிப்பது அதைப் பார்த்துத்தான்.

பாதிரியார் எந்தப் பிரதியில் கண்ணை வைத்தார்?

ஆள் அனுப்பவில்லை. அந்தப் பெண்ணை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மிரட்டவும் இல்லை. என்ன நடந்தது என்று மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி

*

மெரிதா, 2019 மே 19

அன்புள்ள தம்பிக்கு,

கடவுள் உங்களை ஆசீர்வதிக்கட்டும்.

தெரியும். உங்கள் பெட்டியில் அதை வைத்தது நான்தான். செல்லோவைப் பஸ்ஸில் ஏற்ற விடவில்லை என்று நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றீர்கள். காகிதமாவது கூட வரட்டும் என்று சட்டைக்குக் கீழே செருகினேன்.

மிர்த்தா போன வருஷம் மே மாதமே மகனோடு சிலி நாட்டுக்குப் போய்விட்டாள். பேக்கரி வாசலில் நின்று கட்டிக்கொண்டு அழுதாள், கையில் கொடுக்க ஒரு ரொட்டிகூட இல்லையே என்று. பாதிரியாரைச் செப்டம்பரில் வேறு ஊர்க் கோயில் பங்குக்கு மாற்றிவிட்டார்கள். ஃபுல்ஹென்சியோ நவம்பரில் பெட்ரோல் வரிசையில், காருக்குள் உட்கார்ந்தபடியே போய்விட்டார். வரிசை நகர்ந்ததும் அவர் கார் நகரவில்லை என்று பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்திருக்கிறார்கள். பிறகுதான் இறங்கிப் பார்த்தார்களாம். டை கட்டியிருந்தார். அவரை அடக்கம் பண்ணிவிட்டு வந்துதான் உங்களுக்கு அந்த நவம்பர்க் கடிதத்தை எழுதினேன்.

அதிலிருந்து தனியாகத்தான் வாசிக்கிறேன். வியாழக்கிழமை ஐந்து மணிக்கு நாலு நாற்காலியையும் போட்டு, என் இடத்தில் உட்கார்ந்து, என் பங்கை வாசிக்கிறேன். வயோலாவின் பங்கு என்ன என்று உங்களுக்குத் தெரியும். பாட்டு வயலினுக்கு, அடித்தளம் செல்லோவுக்கு. எனக்கு நடுவில் தம்-தம் என்று நாலு சுரம், பிறகு நீண்ட மௌனம், பிறகு இன்னும் நாலு சுரம். மௌனம் வந்தால் எண்ணுகிறேன். கணக்கு டீச்சர்தானே. எண்ணும்போது அவர்கள் வாசிப்பது எனக்குக் கேட்கிறது. பைத்தியம் என்று நினைக்காதீர்கள், நன்றாகவே கேட்கிறது. அந்த இருட்டு நாட்களில் வியாழக்கிழமைக்குக் காத்திருக்கவில்லை, தினமும் வாசித்தேன். பகலில் தண்ணீருக்கு ஓடைக்குப் போவது, வந்து வாசிப்பது. அந்த ஒரு மணி நேரம் எனக்கு எந்தப் பயமும் இல்லை. முடிந்ததும்தான் வீடு பெரிதாகிவிடும்.

நான் தனியாக இருக்கிறேன் என்று எழுத எனக்குக் கை வரவில்லை, தம்பி. எத்தனையோ முறை எழுதிப் பார்த்துக் கிழித்தேன். பிப்ரவரியில் கோபத்தோடு உட்கார்ந்தபோது பச்சை அட்டையைப் பற்றி எழுதினேன். செல்லோப் புத்தகம் உங்களிடம் இருக்கிறது என்று தெரிந்தேதான் எழுதினேன். நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள் என்றும் தெரியும்.

லிமாவுக்கு வரமாட்டேன். அங்கே சுவர் மெல்லியது, வயோலாவைத் தொட்டால் பக்கத்து வீட்டுக்காரன் கதவைத் தட்டுவான். நீங்கள் வர வேண்டும் என்றும் கேட்கவில்லை. உங்களுக்கு மகள் இருக்கிறாள், பேத்தி இருக்கிறாள். யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

கால் வீக்கத்துக்கு உப்புத் தண்ணீரில் பாதத்தை வையுங்கள்.

அக்கா

*

மெரிதா, 2019 ஆகஸ்ட் 18

அன்புள்ள தம்பிக்கு,

கடவுள் ஆசீர்வதிக்கட்டும். சேப்பா அம்மாள் மூன்று தடவை குக்குதா போய்வந்துவிட்டாள், உங்களிடமிருந்து ஒன்றும் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? கோபமா?

மே மாதம் நான் எழுதியதைப் படித்துவிட்டு மறந்துவிடுங்கள். அன்றைக்குத் தலைவலி, ஏதேதோ எழுதிவிட்டேன். இப்போது நிலைமை நன்றாக இருக்கிறது. பல்கலைக்கழகத்து மாணவி ஒருத்தி வயலின் வாசிக்க வருகிறாள். அவளோடு அவள் சிநேகிதியும் வருகிறாள். பாதிரியாரும் திரும்பி வரப்போவதாகப் பேச்சு. வீடு நிறைய ஆள். காபி கலந்து கொடுத்தே எனக்குக் கை ஓய்ந்துபோகிறது.

ஆகையால் என்னைப் பற்றி நினைத்துக்கொண்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பதிலில் இரண்டு வரி போதும். ஒரு வரியும் போதும். நலம் என்று மட்டும் எழுதுங்கள்.

அக்கா

*

மெரிதா, 2019 ஆகஸ்ட் 31

அன்புள்ள மகள் யுலிமாருக்கு,

கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும். வந்து சேர்ந்துவிட்டேன். கால் இரண்டும் பூசணிக்காய் மாதிரி இருக்கிறது, மற்றபடி நலம். குழந்தை என்னைத் தேடுகிறாளா? கட்டில் எனக்குத்தான் என்று உடனே பிடித்துக்கொண்டிருப்பாள்.

உன் கோபம் இன்னும் ஆறியிருக்காது. "அப்பா, அங்க என்ன இருக்கு? கரண்ட் இல்ல, தண்ணி இல்ல, மருந்து இல்ல. நாங்க இங்க இருக்கோமே, எங்கள விட்டுட்டா போறீங்க?" என்று பஸ் நிலையத்தில் எல்லோர் முன்னாலும் கத்தினாய். அக்கா இருக்காங்கன்னு சொன்னேன். இப்போதும் அதையேதான் சொல்வேன். நீ எழுந்து நிற்பாய், உன் காலில் பலம் இருக்கிறது. உன் அத்தையின் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து அந்த மூடுபனியில் விசில் ஊதிக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. நேரில் போய் நிற்கிற வரை எழுத வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்தேன். பயணத்தில் இத்தனை நாள் போகும் என்று தெரியாது. வழியில் காய்ச்சல் வந்து கீத்தோ நகரத்தில் ஒரு மடத்தில் படுத்துக் கிடந்ததை உனக்கு இப்போதுதான் சொல்கிறேன்.

நம் தெருவுக்கு வந்து சேர்ந்தது வியாழக்கிழமை மாலை. ஜன்னல் திறந்திருந்தது. வயோலா கேட்டது. நாலு சுரம், பிறகு ஒன்றுமில்லை. நிறுத்திவிட்டாள், யாரோ வந்திருப்பதைப் பார்த்துவிட்டாள் என்று நினைத்துக் கதவைத் தட்டக் கையைத் தூக்கினேன். தண்ணீர்க் குடத்தோடு எதிரே வந்த ஒரு பெண், எனக்குத் தெரியாதவள், என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"தட்டாதீங்க ஐயா, டீச்சர் இன்னும் முடிக்கல."

"நிறுத்திட்டாங்களே?"

"இல்லீங்க, இந்த இடத்துல இவ்வளவு நேரம் சும்மாதான் இருப்பாங்க. எப்பவும் அப்படித்தான். பொறுங்க... பொறுங்க... இப்ப வரும் பாருங்க."

சரியாக வந்தது. அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். வயலினையும் செல்லோவையும் அவள் கேட்டதே இல்லை, யுலிமார். அவளுக்கு அந்த நாலு சுரமும் நடுவில் இருக்கிற மௌனமும்தான் பாட்டு.

நான் தெருவில் பெட்டியின்மேல் உட்கார்ந்தேன். முப்பது வருஷம் உன் அத்தைக்கு எதிரே உட்கார்ந்து வாசித்தவன் நான். அவள் வாசிப்பதை அன்றைக்குத்தான் கேட்டேன். அதில் மெட்டு என்று எதுவும் இல்லை. மற்ற மூவரும் இருக்கிறார்கள் என்று நம்பி, அவர்களுக்கு இடம் விட்டு, அவர்கள் முடிக்கும் வரை பொறுத்து வாசிக்கிற வாசிப்பு. மெதுவான பகுதி வந்தது. செல்லோ தனியாகத் தொடங்க வேண்டிய இடத்தில் அறைக்குள் அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். எனக்காக எண்ணுகிறாள்.

கதவைத் திறந்ததும் அத்தை அழுதாளா என்று கேட்பாய். அழவில்லை. திட்டினாள். மகளை விட்டு வந்ததற்கு ஒரு திட்டு, மெலிந்துபோனதற்கு ஒரு திட்டு. உண்மையில் அவள்தான் பாதியாகிவிட்டாள், சட்டை தோளில் நிற்கவில்லை. இந்த மாதம் எனக்கு எழுதிய கடிதம் லிமாவுக்கு வந்தால் படிக்காமல் கிழித்துவிடச் சொல்கிறாள். ஏதோ மாணவி, சிநேகிதி என்று அளந்து வைத்திருக்கிறாளாம். கிழிக்காதே, வைத்திரு.

பிறகு செல்லோவை எடுத்துவந்தாள். இரண்டு தந்திதான் மிச்சம், உடம்பில் நீளமாக ஒரு வெடிப்பு. இருக்கிறதை வைத்து வாசிக்கலாம் என்றேன். நாலு நாற்காலியும் போட்டபடியே இருந்தன. என் இடத்தில் உட்கார்ந்து, மெதுவான பகுதியை நானே தொடங்கினேன். பாதிரியாரைவிட மோசமாகவே வாசித்தேன். கொஞ்ச தூரம் போனதும் அடுத்த வரிக்கு நான் பாய்ந்துவிட்டேன். அவள் வில்லால் என் முழங்காலைத் தட்டி நிறுத்தினாள்.

"அவசரப்படாதீங்க தம்பி. இங்க ஃபுல்ஹென்சியோ முடிக்கணும்."

அவர் முடிக்கட்டும் என்று இருவரும் காத்திருந்தோம்.

உன் அப்பா,
எவாரிஸ்தோ